பாட்டுக்கு முகம் எடுப்பது எப்படி: சேலம், ஏற்காடு பக்கத்து இசைக்குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் ஒரு குழு பாட்டுப் பதிவை முடித்ததும் அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "ஞாயித்துக்கெழம காலைல ஏற்காடு போயி போட்டோ எடுத்துரலாம்." இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பனிமூட்டத்தில் நாலு பேர் கைகட்டி நிற்பார்கள். ஒருவர் மட்டும் வேறு பக்கம் பார்ப்பார். மெட்டல் குழுவுக்கும் அதே படம், கிட்டாரோடு தனியாகப் பாடுகிறவருக்கும் அதே படம், பம்பை உறுமி அடிக்கிற குழுவுக்கும் அதே படம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்கிறவருக்கு இது என்ன மாதிரிப் பாட்டு என்று ஒன்றும் புரியாது.

இடத்தை முதலில் முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு. சத்தத்திலிருந்து தொடங்கினால் வெளிச்சம், தூரம், நிறம், எழுத்து எல்லாம் ஒவ்வொன்றாக அதன் பின்னால் வரும். இடம் கடைசியில் தானாக அகப்படும்.

முதல் வேலை: பாட்டைக் கேட்டு நாலு வரி எழுதுவது

கேமரா பையைத் தொடும் முன் படம் எடுப்பவர், பாட்டின் அட்டைப்படத்தை வடிவமைப்பவர், குழுவில் ஒருவர் என மூன்று பேரும் தனித்தனியாக ஹெட்போனில் பாட்டை மூன்று முறை கேளுங்கள். ஆளுக்கொரு தாளில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

பாட்டு எவ்வளவு வேகம்? நிமிடத்துக்கு 70 அடி ஓடும் பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் நடுவே மூச்சு விட நேரம் இருக்கிறது. 160 அடியில் இல்லை. இது ஷட்டர் வேகத்தையும் (கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதையும்) உடம்பின் அசைவையும் முடிவு செய்யும்.

சத்தம் வழவழப்பா, கரகரப்பா? டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், நெருப்பில் காய்ச்சிய வாத்தியத் தோல், தொண்டை கிழியும் குரல் இதெல்லாம் கரகரப்பு. அதற்கு நிழல் விளிம்பு வெட்டினாற்போல் விழும் கடின வெளிச்சம் வேண்டும். ரிவர்ப் எதிரொலியில் நனைத்த கீபோர்டுக்கும் புல்லாங்குழலுக்கும் நிழலே தெரியாத மென்வெளிச்சம்.

ஒரே நேரத்தில் எத்தனை சத்தம் கேட்கிறது? இரண்டு என்றால் படத்தில் பாதிக்கு மேல் காலியாக விடலாம். எட்டு என்றால் சட்டகம் நிரம்ப வேண்டும்.

பாடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? காதருகே முணுமுணுக்கிற குரலுக்கு முகம் பக்கத்தில் வர வேண்டும். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுகிற குரலுக்கு ஆள் சின்னதாகவும் வெளி பெரிதாகவும் இருந்தால்தான் பொருந்தும்.

மூன்று தாளும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வாதத்தை அன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த பிறகு வாதாடினால் இன்னொரு நாள் வாடகை ஆகும்.

இந்த முறை புதிது ஒன்றும் இல்லை. 1940 வாக்கில் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் அட்டைக்குப் படம் வரையத் தொடங்கும் வரை இசைத்தட்டு ஆல்பங்கள் பெரும்பாலும் வெற்று உறைகளில்தான் விற்றன. பின்னால் ப்ளூ நோட் ஜாஸ் தட்டுகளுக்கு, ஒலிப்பதிவு நடக்கும்போதே பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ரீட் மைல்ஸ் தயங்காமல் வெட்டி, ஒன்றிரண்டு நிறம் மட்டும் ஏற்றி, எழுத்தைப் பாட்டின் தாளம்போல் அடுக்கினார். அந்த அட்டைகளில் மலையும் அருவியும் கிடையாது. புகை, வியர்வை, வாத்தியம், முகம் அவ்வளவுதான். ஜாஸ் என்றதும் இன்றும் மனதில் வருவது அந்தத் தோற்றம்தான்.

மென்மையான இசைக்குப் பனிமூட்டம்: ஏற்காட்டை ஒழுங்காகப் பயன்படுத்துவது

உங்கள் பாட்டு மெதுவானது, வழவழப்பானது, காலி இடம் உள்ளது என்று தாள் சொன்னால் ஏறுங்கள் மலைக்கு. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் விடிகாலையில் மூட்டம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சூரியன் ஏறியதும் கலைந்துவிடும். ஆறு மணிக்கு மலைமேல் இருக்க வேண்டும் என்றால் நாலரைக்கே அடிவாரத்தைத் தாண்டியிருப்பது நல்லது.

லென்ஸில் நீர் கோர்ப்பதைப் பற்றிப் பலர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். குளிர்ந்த கண்ணாடி சூடான ஈரக்காற்றைச் சந்திக்கும்போதுதான் நீர் கோர்க்கும். கீழிருந்து மேலே போகும்போது கேமரா சூடாகவும் காற்று குளிராகவும் இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் காரில் ஏசி போட்டுக்கொண்டு போனால் கேமரா குளிர்ந்துவிடும். கதவைத் திறந்ததும் லென்ஸ் வெளுத்துப்போகும். கடைசிப் பத்து வளைவுக்கு ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. பையை ஜிப் போட்டு மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

மூட்டத்தில் கேமரா ஏமாறும். வெள்ளையாக நிற்கும் எல்லாவற்றையும் நடுச்சாம்பல் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1.3 வரை ஏற்றுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், வலச் சுவரை முட்டக்கூடாது. ரா கோப்பில்தான் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) எடுக்க வேண்டும். போனில் எடுத்தால் ப்ரோ மோடில் ரா இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். மூட்டத்தில் அதற்கு ஆள் எங்கே முடிகிறார், பின்புலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கிட்டாரின் தலையையும் முடியின் ஓரத்தையும் கடித்துவிடும்.

ஆளை எங்கே நிறுத்துவது? மூட்டம் தூரத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும், அதுதான் அதன் மதிப்பு. காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும், மிளகுக் கொடி ஏறி இருக்கும். ஆள் 4 முதல் 6 மீட்டரில், முதல் மரவரிசை 15 மீட்டரில், அடுத்தது அதற்கும் பின்னால் பாதி கரைந்து. 85 முதல் 135 மில்லிமீட்டர் லென்ஸ் இந்த அடுக்குகளை நெருக்கிக் காட்டும். அகல லென்ஸ் போட்டால் எல்லாம் சிதறி, ஆள் தனியாகப் பொம்மை மாதிரி நிற்பார். தோட்டம் தனியார் சொத்து. முந்தின நாளே போய் மேஸ்திரியிடமோ மேலாளரிடமோ கேட்டுவிடுங்கள்.

உடை சாம்பலோ வெள்ளையோ என்றால் ஆள் கரைந்துபோவார். வேண்டுமென்றே கரைக்கிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் அரக்கு, காவி, கடுகு மஞ்சள், அடர்பச்சை. ஒரே ஒரு நிறம் போதும்.

கேமராவில் இருக்கும் ஃபிளாஷைத் தொடவே வேண்டாம். பனித்துளி ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். வெளிச்சம் வேண்டுமென்றால் தனி விளக்கை ஆளின் பின்பக்கவாட்டில் வையுங்கள். அப்போது மூட்டமே ஒளிவட்டமாக மாறும்.

பிறகு எடிட்டிங். பத்துக்கு எட்டுப் பேர் இங்கேதான் கெடுக்கிறார்கள். மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை +40 தள்ளி, காசு செலவழித்துப் போய்ப் பிடித்த பனியைத் துடைத்துவிடுகிறார்கள். அதைத் தொடாதீர்கள். படத்தின் மிகக் கறுத்த இடம்கூட 0 முதல் 255 வரையான அளவில் 15, 20க்குக் கீழே போக வேண்டாம். இன்னொரு தொல்லை பட்டைப் பட்டையாகக் கோடு விழுவது. மெதுவாக மாறும் சாம்பலை, நிறப்படிகள் குறைந்த 8 பிட் ஜேபெக்கில் நாலைந்து முறை திருத்திச் சேமித்தால் வானம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். 16 பிட்டில் வேலை செய்து, ஏற்றுமதிக்கு முன் லேசாகக் கிரெய்ன் (மணல்போன்ற புள்ளிகள்) சேர்த்தால் கோடு மறையும்.

இரவுநேரத்து மெதுவான எலக்ட்ரானிக் இசை என்றால் பனியைவிட ஏற்காட்டின் லேடீஸ் சீட் பார்வைமுனை நல்லது. கீழே சேலத்தின் விளக்குகள் பரந்து கிடக்கும். சூரியன் மறைந்து 25 நிமிடத்தில், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது, டிரைபாடில் 4 வினாடி திறந்து, ஆளின் மேல் மட்டும் ஒரு சின்ன ஃபிளாஷ். வானம் முழுக் கறுப்பாகிவிட்டால் ஊர் வெறும் புள்ளிகளாகிவிடும்.

தோல் வாத்தியம்: பறை, பம்பை, உறுமி

இந்த இசைக்குப் பனிமூட்டம் நேர் எதிரி. இது உடம்பின் இசை. சத்தம் தோலிலிருந்து தெறிக்கிறது, நெருப்பில் காய்ச்சுகிறார்கள், வியர்க்கிறது. படத்திலும் அது வேண்டும்.

முதலில் ஒரு தடை. படத்தை இடவலமாகத் திருப்பாதீர்கள். பறையை இடத்தோளில் மாட்டி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சியும் பிடித்து வாசிப்பதே பரவலான வழக்கம். "தலைப்புக்கு இடப்பக்கம் இடம் வேணும்" என்று வடிவமைப்பவர் ஒரு கிளிக்கில் கண்ணாடிப் பிம்பமாக்கிவிட்டால், பறை தெரிந்தவர் பார்த்த நொடியில் சிரிப்பார். செல்ஃபி கேமராவிலும் இதே கதை, பல போன்களில் படம் தானாகத் திரும்பியே சேமிக்கப்படும். ஏஐ படங்கள் இதைவிட மோசம். பறையை டோலக்காக்கும், குச்சியை டிரம்ஸ் குச்சியாக்கும், விரல் ஆறு வைக்கும்.

நேரம்: சூரியன் மறைந்த 10 முதல் 30 நிமிடத்துக்குள். வைக்கோலும் தாளும் போட்டு வாத்தியம் காய்ச்சும் நெருப்பே உங்கள் முதன்மை விளக்கு. வானத்தின் நீலம் நிரப்பு விளக்கு. வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா நெருப்பின் ஆரஞ்சைத் துடைத்து முகத்தைச் சாம்பலாக்கும். 3,800 முதல் 4,200 கெல்வினில் பூட்டுங்கள். நெருப்பு சிவந்தே இருக்கும், வானம் நீலமாக நிற்கும். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/60 என்று தொடங்கி, சுவாலையின் உயரத்துக்கேற்ப ஏற்றி இறக்குங்கள்.

ஷட்டரில்தான் தாளம் இருக்கிறது. 1/500க்கு மேல் போனால் குச்சி அந்தரத்தில் உறைந்து நிற்கும், ஆள் அடிக்கிறாரா சும்மா பிடித்திருக்கிறாரா தெரியாது. 1/30 முதல் 1/60க்குள் குச்சி விசிறிபோல் பரவும், முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். அந்த முகம் கூர்மையாக நிற்பது எளிதல்ல. வாசிப்பவர்கள் சுழன்று அடவு போடுகிறார்கள். சுழற்சியின் கடைசியில், அடுத்த அடிக்கு முன் உடம்பு ஒரு கணம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு சுற்று கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பாருங்கள், எண்ணிக்கை பிடிபடும். பிறகு அந்த இடத்தில் மட்டும் தொடர்ச்சியாக நாலைந்து கிளிக். நூற்றைம்பது படம் எடுத்தால் மூன்று தேறும். அது கெட்ட கணக்கு இல்லை.

கோயில் விழாவில், சீரியல் விளக்கின் கீழே எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டர் விதி மாறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் தப்பிக்கலாம். 1/250க்குப் போனால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் எடுத்த படங்களில் இந்தப் பட்டையை அடிக்கடி பார்க்கலாம்.

கோணம் பற்றி ஒரு வார்த்தை. கைகளையும் குச்சியையும் மட்டும் நெருக்கமாக எடுத்து, ஆளின் முகத்தை விட்டுவிடும் பழக்கம் இங்கே நிறைய. பறையையும் அதை வாசித்தவர்களையும் எவ்வளவு காலம் ஊர் ஒதுக்கி வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். முகமில்லாத படம் அதையேதான் தொடர்கிறது. கண் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கேமராவை வையுங்கள். முகம் சட்டகத்தில் இருக்கட்டும். தோலின் நிறத்தை வெளுக்க வைக்கும் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். எடிட்டிங்கில் கன்னமேட்டின் மினுமினுப்பு 70 சதவீத ஒளியைத் தொட்டால் போதும், முகத்தின் மற்ற பகுதி 35 முதல் 50க்குள் இருக்கட்டும். கறுத்த தோலில் வியர்வை தரும் அந்த மினுப்புதான் இந்த இசையின் நிறம். அதை வெளுத்தால் சோப்பு விளம்பரம் ஆகிவிடும்.

மெட்டல், ராக்

மெட்டல் அட்டைக்குக் கறுப்பு வெள்ளை, உச்ச கான்ட்ராஸ்ட், வாசிக்க முடியாத முள்ளெழுத்து என்று ஒரு மரபு நார்வே பக்கத்துக் குழுக்களிடமிருந்து வந்தது. பனிக்காடு அவர்களுக்குச் சொந்த ஊர். ஏற்காட்டு மூட்டத்தில் கறுப்புச் சட்டையோடு நின்றால் அது இரவல்.

இந்த ஊருக்கு இரும்பும் வெல்டிங்கும் இருக்கிறது. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் கொட்டகைகளில் ஒரு மாலை கேட்டு வாங்கினால் போதும். வெல்டிங் பொறி கேமராவுக்கு நேரே இருந்தால் படத்தில் வெள்ளை ஓட்டை விழும், கண்ணுக்கும் கேடு. வெல்டரைக் குழுவின் ஆளுக்குப் பின்னால் மறைத்து நிறுத்துங்கள். பொறி தெரியாது, ஆனால் தோளின் விளிம்பெல்லாம் நீலவெள்ளையாக எரியும். ஷட்டர் 1/15 முதல் 1/30 வைத்தால் தீப்பொறிகள் கோடாக நீளும். பொறிக்கு 3 மீட்டருக்குள் போகாதீர்கள். லென்ஸ் முன்னால் விலை குறைந்த யூவி ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். பொறி பட்டால் கண்ணாடியில் குழி விழும், விழுந்தால் ஃபில்டரோடு போகட்டும். நிற்பவர் பருத்தி உடையில் இருக்க வேண்டும், பாலியஸ்டர் உருகி ஒட்டும். யாரும் வெறுங்கண்ணால் பொறியைப் பார்க்கக் கூடாது.

இன்னொரு வழி, கறுப்பை விட்டு வெள்ளைக்குப் போவது. மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம் கிடைப்பதால் சேலத்தின் வடக்கே இருக்கும் மேடுகளைச் சுண்ணாம்பு மலை என்றே ஆங்கிலேயர் குறித்தார்கள். அந்த வெள்ளை மண்ணில் உச்சிவெயிலில் கறுப்புடை ஆட்கள் நின்றால், எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காத காய்ந்த, கண் கூசும் படம் வரும். தரையே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் வீசும். எக்ஸ்போஷர் +1 முதல் +1.7. சுரங்க நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம், பள்ளங்கள் ஆபத்தானவை. வெளிச்சாலை ஓரத்து மண்ணே போதும்.

மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் காயும் களங்கள் இதைவிட வெள்ளை. ஆனால் அது சாப்பாட்டுப் பொருள். செருப்போடு நடுவே இறங்கி நின்று எடுக்க எந்த முதலாளியும் விடமாட்டார், விடவும் கூடாது. களத்து ஓரத்தில் நின்றாலே வெளிச்சம் வரும்.

ராப்

அகல லென்ஸ், 24 மில்லிமீட்டர், ஆளிடமிருந்து ஒரு மீட்டர், இடுப்பு உயரம். கை கேமராவை நோக்கி நீண்டால் பெரிதாகும், அதுதான் இந்த இசையின் பேச்சுத்தொனி. இடம் செவ்வாய்ப்பேட்டை மண்டித் தெருக்களின் இழுத்து மூடிய ஷட்டர் கதவுகளாக இருக்கலாம். ராத்திரி என்றால் தட்டுவடை செட் தள்ளுவண்டியைத் தேடுங்கள். வண்டிக்காரர் தலைக்கு மேலே தொங்கும் மஞ்சள் குண்டு பல்பு, முகத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், 45 பாகைக் கோணத்தில் விழும். ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் செலவழித்து அமைக்கும் அதே வெளிச்சம். கீழே எவர்சில்வர் தட்டு அதைத் திருப்பி முகவாயில் போடும். இரண்டு செட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூட்டம் குறைந்ததும் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எழுத்து: இங்கேதான் பாதி அட்டைகள் விழுகின்றன

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுத்து தவறினால் வகை மாறிவிடும். பறைப் பாட்டுக்குப் பாலூ தம்பி போன்ற கொழுகொழு எழுத்துரு போட்டால் குழந்தைப் பாட்டாகிவிடும். மெதுவான இசைக்குக் கட்டமரான் எழுத்துருவின் மெலிந்த எடை பொருந்தும். பழைய சங்கதி, சாஸ்திரியச் சாயல் என்றால் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை. கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவனார். இவை எல்லாம் கூகுள் எழுத்துருக் கிடங்கில் கட்டணமின்றிக் கிடைக்கும், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை.

ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம்: "தணல்" என்று பாட்டின் பெயர். அட்டை 3000 பிக்சல் சதுரம். போன் பட்டியலில் அது 60 பிக்சலாகச் சுருங்கலாம், அதாவது ஐம்பதில் ஒன்று. 'ல்' மேல் இருக்கும் புள்ளி மூல அளவில் 100 பிக்சல் விட்டம் இருந்தால், சுருங்கியபின் 2 பிக்சல் மிஞ்சும், தெரியும். 50 இருந்தால் மறைந்து "தணல" ஆகிவிடும். எழுத்துருவில் வரும் புள்ளி பெரும்பாலும் சிறியது. எழுத்தை வடிவமாக மாற்றிப் புள்ளியை மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாக்குங்கள். அடுத்தது 'ண'. அதன் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை, மிகத் தடித்த எடையில் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். அதனால் உச்சத் தடிமனுக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். மெட்டலுக்கு முள் வைக்கிறீர்கள் என்றால் எழுத்தின் வெளிவிளிம்பில் மட்டும் வையுங்கள். சுழிக்குள் முள் போனால் ன, ண, ள மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் உடைவதற்குக் காரணம் எழுத்துரு இல்லை, அமைப்பு. "சேர்வராயன்" என்று அடித்தால் 'ே' கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும். பிரிஃபரன்சஸ் போய் டைப் பகுதியில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து, புதிய ஆவணம் திறந்து, பத்தி அமைப்பிலும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்று மாற்ற வேண்டும். ஃபிளெக்ஸ் கடைகளில் பலவற்றில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறைதான் ஓடுகிறது. உங்கள் கோப்பை அங்கே திறந்தால் வேறு எழுத்தாகும், அல்லது அவரே தன் எழுத்துருவில் மறுபடி அடித்துவிடுவார். கர்வ் போட்டுத்தான், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றித்தான், கொடுக்க வேண்டும். கர்வ் போடாத பிரதியையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், பிழை திருத்த அதுதான் உதவும்.

ராப், நாட்டுப்புறக் கலப்பிசை இரண்டுக்கும் எங்கள் பரிந்துரை கணினி எழுத்தே வேண்டாம் என்பது. லாரிக்குப் பெயர் எழுதும் ஓவியர் ஒருவரிடம் இரண்டடிக்கு இரண்டடித் தகரத்தில் எனாமல் பெயின்டால் நிழல் வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். நிழலில் சுவரோரம் நிறுத்தி, கேமராவைத் தகரத்துக்கு நேர் செங்குத்தாக வைத்து எடுங்கள். எனாமல் பளபளப்பில் உங்கள் பின்னால் இருக்கும் வெள்ளை வானம் தெரியும். அதை மறைக்கக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடியுங்கள். ஐயப்ப சீசன் கறுப்பு வேட்டி இரண்டு போதும், லென்ஸ் மட்டும் நடுவே எட்டிப்பார்க்கட்டும்.

அட்டையைக் கட்டுவது

நிறம் இரண்டு அல்லது மூன்று. படத்திலிருந்தே ஐடிராப்பரால் எடுங்கள். பனிப்படத்துக்குச் சாம்பல்நீலமும் அந்த ஒரு அரக்கும், நெருப்புப் படத்துக்குக் கருநீலமும் ஆரஞ்சும். தலைப்பின் உயரம் அட்டையின் எட்டில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். குழுப்பெயர் அதில் பாதி.

பிறகு சோதனை. அட்டையை 60 பிக்சலாக்கி, போனின் வெளிச்சத்தைப் பாதியாக்கி, கை நீளத்தில் பிடித்துப் பாட்டைக் கேட்காத ஒருவரிடம் காட்டுங்கள். "இது என்ன மாதிரிப் பாட்டா இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லாருக்கு" என்பது பதில் இல்லை. "அமைதியா இருக்குமோ", "குத்துப் பாட்டா?" என்று ஏதாவது சொன்னால் அதை முதல் நாள் தாளோடு ஒப்பிடுங்கள். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையிலும் ஒருமுறை. நிறம் போனதும் எழுத்து மறைந்தால், வெளிச்ச வேறுபாடு போதவில்லை என்று பொருள்.

அளவுகள்: இசைத்தளங்களுக்கு 3000க்கு 3000 பிக்சல், ஆர்ஜிபி, ஜேபெக். யூடியூப் முகப்புப் படம் 1280க்கு 720. வலப்பக்கக் கீழ்மூலையில் நேரக்கணக்கு உட்காரும், அங்கே எழுத்து வைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டோடு சுழலும் செங்குத்து வீடியோ 3 முதல் 8 வினாடி. பனி நகர்வதும், குச்சி விசிறுவதும் இதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். அன்றைக்கே டிரைபாடில் இரண்டு நிமிடம் எடுத்து வைத்துவிடுங்கள். அட்டையில் போன் எண், இணைய முகவரி, விலை, வேறு தளத்தின் சின்னம் இருந்தால் விநியோக நிறுவனம் திருப்பி அனுப்பும். அட்டையில் இருக்கும் பெயரும் படிவத்தில் அடிக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

சுவரொட்டி, ஃபிளெக்ஸ்

20க்கு 30 அங்குல சுவரொட்டியை ஆஃப்செட்டில் அடிப்பதென்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்), வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல். திரையில் ஜொலிக்கும் ஊதாவும் மின்நீலமும் மையில் மங்கிவிடும், முன்கூட்டியே மாற்றிப் பாருங்கள். பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கறுப்பு மை போதாது, சாம்பலாகத் தெரியும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலக்கலாம். ஆனால் சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும், இல்லையென்றால் அச்சுத்தட்டு அரைமில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகும். ஃபிளெக்ஸுக்கு இறுதி அளவில் 72 முதல் 100 டிபிஐ போதும். பனிப்படத்தை ஃபிளெக்ஸில் அடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, அந்த மென்சாம்பல் முழுக்கப் பட்டையாகிவிடும். நெருப்புப் படம் தாங்கும்.

பொது இடத்தில் பேனர் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும். ரயில் நிலையத்துக்குள் எடுக்க ரயில்வே அனுமதி, காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி. ட்ரோன் பறக்கவிடும் முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், ஓமலூர் பக்கம் விமான நிலையம் இருக்கிறது. படம் எடுத்தவரிடம் எந்தெந்த இடத்தில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். தள்ளுவண்டிக்காரர், வெல்டர், கூட வாசித்தவர்கள் முகம் தெரிந்தால் அவர்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், அச்சானதும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.